வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருத்தல்

முதல் மீன் ஐந்தாம் நாள் செத்துப்போனது. இரண்டாவது எட்டாம் நாள்.

இரண்டுமே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். ‘நீமோ’, ‘நீமோவோட அப்பா’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள் என் ஏழு வயது மகள். எட்டாம் நாள் காலையில் நான் கையில் வலையோடு நின்றுகொண்டிருந்தபோது, அவள் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: “தண்ணி சுத்தமாத்தானப்பா இருக்கு?”

சுத்தமாகத்தான் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதியைக்கூடப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் நான் திட்டமில்லாமல் இறங்கியவன் இல்லை. இன்ஜினியரிங் படித்தவனுக்கு வரும் வியாதி எனக்கும் உண்டு. எதைச் செய்வதென்றாலும் முதலில் ஒரு எக்செல் ஷீட் திறந்துவிடுவேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. மணலும் கல்லும் போக 160 லிட்டர் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஆக ஐந்தரைக் கிலோவுக்கு மேல் உப்பு. தண்ணீர், கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் எடை கால் டன்னைத் தொடும். சென்னையில் வாடகை வீட்டின் இரண்டாவது மாடி. ஓனர் வந்து பார்த்துவிட்டு, “தண்ணி கசிஞ்சா கீழ் வீட்டுக்காரங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் ஒரு வரிசை ஷீட்டில் போட்டேன். மோட்டார், விளக்கு, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், கரண்ட் போனால் ஓட பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் விலையோடு வரிசை இருந்தது. “உப்பக் கரைச்சு ரெண்டு நாள் மோட்டார ஓட விடுங்க சார், அப்புறம் தாராளமா மீன் விடலாம்” என்றார் கடைக்காரர். விட்டேன்.

செத்த பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். முதலில், மீன் ஏன் செத்தது என்று. அப்படியே பின்னால் போய், கடலை வீட்டுக்குள் வைக்கலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியது என்று. இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்கு ஒழுங்கான பதிலைக் கொடுத்தது. நான் எட்டு நாளில் செய்த தப்பை, 170 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தேசமே சேர்ந்து செய்திருக்கிறது.

1. ஒரு சாடி, ஒரு ஊசி, ஒரு வேலைக்காரப் பெண்

பாரிஸில் தையல் வேலை செய்துகொண்டிருந்த பெண் ழான் வில்ப்ரோ-பவர். 1816இல் ஓர் இளவரசியின் கல்யாண உடையைத் தைத்துப் பெயர் வாங்கியவர். ஓர் ஆங்கிலேய வணிகரைக் கல்யாணம் செய்துகொண்டு சிசிலித் தீவின் மெசினாவுக்குக் குடிபோனார். அங்கே ஆர்கோனாட் என்ற ஒரு வகைக் கணவாய் அவருடைய கண்ணில் பட்டது. காகிதம் போல மெல்லிய ஓட்டுக்குள் வாழும் உயிர். அந்த ஓடு அதுவே செய்துகொண்டதா, வேறு ஏதாவது உயிரிடமிருந்து திருடியதா என்பது அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் சண்டை. செத்து ஸ்பிரிட்டில் ஊறிய உடலை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக 1832இல் கண்ணாடித் தொட்டிகளையும், கடலுக்குள்ளேயே இறக்கி வைக்கும் கூண்டுகளையும் உருவாக்கினார். ஓடு அந்த உயிர் தானே செய்துகொள்வதுதான் என்று நிரூபித்தார். பிற்பாடு அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி கப்பலோடு மூழ்கிப்போனது. பெயரும் பல காலம் மூழ்கிக் கிடந்தது.

ஆனால் மெசினாவில் கடல் வாசலிலேயே இருக்கிறது. தண்ணீர் கெட்டால் கொட்டிவிட்டு வேறு மொண்டுகொள்ளலாம். கடல் இல்லாத ஊரில் கடலை வைத்திருப்பதுதான் உண்மையான சிக்கல். அதைத் தொட்டவர் ஆன்னா தின். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த பாதிரியாரின் மனைவி. 1846இல் டோர்கீ என்ற கடற்கரை ஊரில் சின்னச் சின்னக் கற்பவளங்களைப் பார்த்து மயங்கி, ஒரு சாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். வண்டியில் குலுங்காமல் இருக்க, அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்தாராம். இதைப் படித்தபோது, பாலித்தீன் பையில் மீனை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் பையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்த என் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நாளில் கடல்நீர் தீர்ந்துபோகும். தருவிக்கலாம், ஆனால் அடிக்கடி முடியாது. இருக்கிற தண்ணீரையே ‘உயிரோடு’ வைத்திருக்க அவர் கண்டுபிடித்த வழி, திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றுவது. நாம் டீ ஆற்றுவதைப் போல. அரை மணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது அவர் இல்லை. வீட்டில் வேலை பார்த்த ஒரு சிறுபெண். அவளுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது என்று ஆன்னா தின் பிற்பாடு எழுதினார். அந்தப் பெண் தன் கணக்கை எங்கும் எழுதவில்லை. உலகத்தின் முதல் ஏர் பம்புகளில் ஒன்று, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் இரண்டு கைகள்.

1847இல் ஆன்னா தின் தொட்டிக்குள் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன, குட்டியும் போட்டன. ஏறக்குறைய மூன்று ஆண்டு. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், தானாக நின்ற முதல் கடல்நீர்த் தொட்டி இதுதான் என்று சொல்லலாம். அந்த அனுபவத்தை அவர் வெளியிட்டது 1859இல். அதற்குள் பெயரெல்லாம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது.

2. இரண்டு அப்பாக்கள்

அந்த வேறு ஆட்களில் இருவர் முக்கியம். இருவருக்கும் மகன்கள் உண்டு. அந்த மகன்களுக்குப் பிறகு வருகிறேன்.

முதலாமவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளர். 1849இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தன. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். சரியாகிவிட்டது. செடி, மீன், நத்தை: முக்கோணம் மூடிக்கொண்டது. சமநிலை என்றார். அடுத்த சில ஆண்டுகளில் இதையே கடல்நீரிலும் செய்து பார்த்தார்.

இரண்டாமவர் பிலிப் ஹென்றி காஸ். இயற்கையியலாளர், தீவிரமான கிறித்தவர், நல்ல ஓவியர். டெவன்ஷயர் கடற்கரையில் பாறைக் குழிகளுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, கடல் சாமந்திகளையும் புழுக்களையும் மணிக்கணக்கில் பார்ப்பவர். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தபோது, அதற்கு உயிர்கள் அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். 1854இல் ‘தி அக்வேரியம்’ என்ற புத்தகத்தை எழுதினார். பழைய லத்தீனில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் இடத்துக்கு வழங்கிய சொல்லை எடுத்து மீன்தொட்டிக்கு நிரந்தரமாக ஒட்டியவர் அவர்தான்.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம் என் தொட்டிக்கு நேரடிப் பாட்டன். கடல்நீரின் வேதிப் பகுப்பாய்வை வைத்துக்கொண்டு செயற்கைக் கடல்நீருக்குச் செய்முறை எழுதினார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. நான்கே சரக்கு. கடலில் இருக்கும் மற்றதெல்லாம் கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டார். ஆனால் ஒன்று செய்தார். கரைத்த உடனே விலங்குகளை விடவில்லை. கடற்பாசி ஒட்டியிருந்த கற்களை முதலில் போட்டு, சில நாள் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் விட்டார். ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் இருந்த விளக்கம் கடற்பாசி. விளக்கம் பாதிதான் சரி. காத்திருந்தது முழுக்கச் சரி.

காஸின் புத்தகம் விழுந்த நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது. கண்ணாடி மேலிருந்த வரியை பிரிட்டன் 1845இல் நீக்கியிருந்தது. ரயில் பாதைகள் கடற்கரை ஊர்களைத் தொட்டுவிட்டன. நடுத்தர வர்க்கத்துக்கு விடுமுறை, கொஞ்சம் காசு, கடவுளின் படைப்பைப் படிப்பது புண்ணியம் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்துகொண்டன. வரவேற்பறைதோறும் கடல் வந்தது. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு என்பவர் லண்டனில் இதற்கென்றே கடை போட்டுத் தொட்டி, கடல்நீர், உயிர்கள் எல்லாவற்றையும் விற்றார்.

அப்புறம் என்ன ஆனது? என் வீட்டில் ஆனதுதான். ஜன்னல் வெயிலில் தண்ணீர் பச்சையானது, செத்த ஒன்று மற்றதைக் கொன்றது, நாற்றம் வந்தது, கொட்டினார்கள். 1868இல் ஜே. ஜி. வுட் என்ற இயற்கையியலாளர் இந்தத் தொட்டிப் பித்தைப் பற்றி வந்து போன காய்ச்சலைப் பற்றிப் பேசுவதைப் போல எழுதுகிறார். பத்துப் பதினைந்து ஆண்டில் எல்லாம் முடிந்திருந்தது.

தாக்குப்பிடித்தவர்களில் அந்தக் கடைக்காரர் லாய்டும் ஒருவர். பிற்பாடு ஹாம்பர்கிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரிய காட்சியகங்களை வடிவமைத்தார். அவருடைய ரகசியம், காட்சித் தொட்டிகளைவிடப் பெரியதாகத் தரைக்கு அடியில் ஓர் இருட்டுத் தொட்டி. தண்ணீர் இரவு பகலாக மேலும் கீழும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை மாற்றவே கூடாது என்பது அவர் கட்சி. பழைய தண்ணீரே நல்ல தண்ணீர். கடைக்காரர்களிலும் விஷயம் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று இதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பழைய தண்ணீர் ஏன் நல்ல தண்ணீர்? செடியே இல்லாத இருட்டில் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்தது யார்?

3. முதல் மகன்

வாரிங்டனின் மகனுக்கும் ராபர்ட் வாரிங்டன் என்றே பெயர். அப்பா தங்கமீனை வைத்துப் பரிசோதனை செய்தபோது பையனுக்குப் பதினொரு வயது. அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றுக்கொண்டான். வளர்ந்து, ராதம்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருடைய கவலை மீன் இல்லை, வயல். மண்ணில் போடும் எருவின் அம்மோனியா, பயிருக்கு வேண்டிய நைட்ரேட்டாக மாறுகிறது. மாற்றுவது எது?

1877இல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நீண்ட மணல் குழாய்க்குள் சாக்கடை நீரை மெதுவாக ஊறவிட்டுப் பார்த்தார்கள். சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டதும் நின்றது. வெறும் வேதிவினையாக இருந்தால் மயக்க மருந்துக்கு அடங்காது. ஆக, இது ஏதோ உயிர்களின் வேலை.

மகன் வாரிங்டன் இதைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டுக்கு மேல் உழைத்தார். அவர் கண்டது இதுதான். வேலை ஒரே படியில் நடப்பதில்லை. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றி நிறுத்திக்கொள்கிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை மட்டும் எடுத்து நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் கூட்டம் சமைத்து வைத்தால்தான் இரண்டாவது கூட்டத்துக்குச் சாப்பாடு. ஆனால் அந்த உயிர்களை அவரால் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. பாக்டீரியா வளர்க்க அன்று எல்லோரும் பயன்படுத்திய ஜெலட்டின் ஊட்டத்தில் அவை வளர மறுத்தன. 1890இல் சூரிக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துவிட்டார். கரிமச் சத்து எதையும் கொடுக்காமல், வெறும் தாதுக்களை மட்டும் வைத்து. ஊட்டிவிட்டால் வளராது, பட்டினி போட்டால் வளரும் உயிர்கள்.

மண்ணில் கண்ட இந்த வேலைதான் தொட்டியிலும் நடந்துகொண்டிருந்தது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது நிறமில்லாதது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. கடல்நீர் காரத்தன்மை உள்ளது என்பதால் நன்னீரைவிட அங்கே அதன் விஷம் அதிகம். கல், மணல், கண்ணாடி, குழாயின் உட்புறம் என்று எல்லாப் பரப்பிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவை மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் போதுமான அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகும். லாய்டின் இருட்டுத் தொட்டியில் வேலை பார்த்தவை இவைதான். அப்பா வாரிங்டனின் முக்கோணத்தில் நான்காவதாக ஒரு மூலை இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவியது அவருடைய மகன்.

என் தொட்டிக்கு வயது இரண்டு நாள். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது மகளே. ரொம்பச் சுத்தமாக இருந்தது. அதில் யாருமே இல்லை. அதுதான் பிரச்சினை.

என் ஷீட்டில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது, நாள் கணக்குக்கு மட்டும் வரிசை இல்லை. ஆபீஸில் மானிட்டரிங் இல்லாமல் ஒரு சர்வரை லைவ் விட்டால் கத்தித் தீர்ப்பவன் நான். வீட்டில் ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட்கூட வாங்காமல் இரண்டு உயிர்களை லைவ் விட்டிருக்கிறேன்.

4. இரண்டாவது மகன்

இத்தோடு முடித்திருந்தால் இது வெறும் செய்முறைக் கதை. மறுபடி பொறுமையாக ஆரம்பி, மீன் பிழைக்கும், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு மகன் பாக்கி இருக்கிறார்.

பிலிப் காஸின் மகன் எட்மண்ட் காஸ். 1857இல் அம்மா இறந்த பிறகு, எட்டு வயதில், அப்பாவோடு டெவன்ஷயர் கடலோரம் குடிவந்தவர். அலை உள்வாங்கும் நேரங்களில் அப்பாவும் பிள்ளையும் பாறைக் குழிகளுக்குள் இறங்கித் தேடுவார்கள். அந்த ஆண்டுகளைத் தன்னுடைய ‘ஃபாதர் அண்ட் சன்’ புத்தகத்தில் எழுதினார். வெளிவந்த ஆண்டு 1907. அப்பா இறந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆகியிருந்தது. அதில் ஓரிடத்தில் சொல்கிறார்: சின்ன வயதில் தான் பார்த்த அந்தக் கடலோரம் இப்போது இல்லை. யாரும் தொடாமல் காலங்காலமாக இருந்த குழிகளைச் சேகரிப்பாளர்களின் படை வந்து சூறையாடிவிட்டது. அந்தப் படையை வரவழைத்தது அப்பாவின் புத்தகங்கள்தான். அதை அப்பாவே உயிரோடு இருந்து பார்த்தார், மிகவும் வருந்தினார்.

நான் மூன்று தடவை படித்த பக்கம் இது. காஸ் பேராசைக்காரர் இல்லை. கடலை அவரளவுக்கு மதித்தவர்கள் குறைவு. நன்றாக எழுதினார், அழகாக வரைந்தார், நீங்களும் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் செய்தார்கள். ஒவ்வொருவரும் எடுத்தது ஒரு சாடி.

அடுத்த நூற்றாண்டில் இதே கதை வெப்பக் கடல்களில் நடந்தது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், பவளத் திட்டிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி இவற்றை மட்டும் வைத்துப் பவளங்களையே வளர்த்துக் காட்டினார். மகன் வாரிங்டனின் பாக்டீரியாக்கள் கல்லோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. அற்புதமான முறை. ஆனால் இதனாலேயே பின்னால் கல்லே சரக்கானது. டன் கணக்கில் திட்டுகளிலிருந்து எடுத்து விற்றார்கள். பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து சயனைடு கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கும் மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். மயக்கம் தெளியாத மீன்கள் எத்தனையோ. கூடவே பவளமும் செத்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நாட்டின் முதல் கடல் மீன்காட்சியகம் 1909இல் மெரினாவில் திறக்கப்பட்டது. யோசனை, மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனுடையது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதினாரே, அதே தர்ஸ்டன். அந்தத் தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது. அதற்கும் முன்பே, 1890களில், அவர் ராமேஸ்வரம் போய் மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கம்தான் என் அம்மாவின் ஊர். மண்டபத்துக்குக் கொஞ்சம் உள்ளே. சின்ன வயதில் லீவுக்குப் போனால், பாட்டி வீட்டு மதில் சுவரில் ஒரு வேடிக்கை உண்டு. பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் பூ தெரியும். பக்கத்தில் பக்கத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக. விரலால் தடவிக்கொண்டே சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவோம். யாரோ கொத்தனார் உட்கார்ந்து செதுக்கியது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பாட்டிதான் சொன்னாள்: “அது முருகைக் கல்லுடா. கடல்ல வெட்டுனது. அப்பல்லாம் வண்டி வண்டியா வரும்.”

பல பத்தாண்டுகள் வந்தது. வீடு கட்டவும் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. அலையைத் தாங்கி நின்ற பவளப் பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1986இல் தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை.

மீன் செத்த அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். பாட்டி இல்லை. மதில் பாதி சரிந்து கிடந்தது. நான் தொட்டி வைத்திருப்பது தெரிந்த மாமா, சரிவிலிருந்து பூ தெளிவாகத் தெரியும் ஒரு கல்லைப் புரட்டிக் காலால் என் பக்கம் தள்ளினார். “எடுத்துட்டுப் போடா மாப்ள. கடையில இதுக்கு எவ்வளவு கேப்பான்? தொட்டிக்குள்ள வெச்சா ஜம்முனு இருக்கும்.”

ஜம்மென்றுதான் இருக்கும். அந்தக் கல் செத்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். நான் எடுத்ததால் ஒரு பவளமும் புதிதாகச் சாகப்போவதில்லை. ஒரு கல்தானே? ஆனால் ‘ஒரு சாடிதானே’ என்றுதான் டெவன்ஷயரில் எல்லோருமே நினைத்திருப்பார்கள். வேண்டாம் மாமா என்றேன். “சட்டமா?” என்றார். ஆமாம் என்றேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

5. நாற்பது நாள்

திரும்பி வந்து இரண்டாவது முறை ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு பாட்டனோ பாட்டியோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

தண்ணீரைக் கிளறும் பவர்ஹெட் இரண்டு. அது ஆன்னா தின் வீட்டு வேலைக்காரப் பெண். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டிய முதல் பொருளும் அதுதான். மீன் பசி தாங்கும், அசையாத தண்ணீரைத் தாங்காது. பாக்கெட்டில் வரும் கடல் உப்பு, காஸ் விட்டுவிட்ட கால்சியமும் மற்ற தாதுக்களும் சேர்ந்தது. கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். எங்கள் தெரு லாரித் தண்ணீரில் ஏற்கெனவே என்னென்ன கரைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். அதனால் தினமும் ஊற்றி நிரப்ப வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை. முதல் தடவை இதையும் மாற்றிச் செய்திருந்தேன். தொட்டிக்குக் கீழே கதவுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி, அதாவது சம்ப், லாய்டுடையது. அதில் நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர் இருக்கிறது. சென்னை மே மாதத்துக்கு சில்லர். வேறெந்த ஊர்க்காரர்களும் ஹீட்டர் வாங்குவார்கள். நாம் கடலைக் குளிர வைக்க வேண்டியிருக்கிறது.

கல்லுக்குக் கடலைத் தொடவில்லை. அடுப்பில் சுட்டுச் செய்த, நுண்துளைகள் உள்ள செயற்கைக் கல். புட்டியில் வரும் பாக்டீரியாக் கரைசல் ஒன்று. அப்புறம் மூன்று டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். இவை மகன் வாரிங்டனுடையவை.

மீன் இல்லை. மீன் இருந்தால் எவ்வளவு கழிவு வருமோ, அதற்கு ஈடாக அம்மோனியம் குளோரைடு சில சொட்டு. இல்லாத மீனுக்குச் சமைப்பது மாதிரி. மகளிடம் இதை விளக்கியபோது பெரிதாக எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும், “பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். டெஸ்ட் டியூபில் சொட்டு விட்டுக் குலுக்கி, வரும் நிறத்தைக் கலர் பென்சிலால் ஒரு நோட்டில் தீட்டுவது அவளுடைய வேலை.

முதல் வாரம் முழுக்க அம்மோனியாக் கட்டங்கள் கரும்பச்சை. நைட்ரைட் கட்டங்கள் வெளிறிக் கிடந்தன. பன்னிரண்டாம் நாள்வாக்கில் பச்சை கொஞ்சம் தெளிந்தது, அடுத்த கட்டத்தில் ஊதா ஏறியது. பிறகு பச்சை போய் மஞ்சளாகிவிட்டது. ஊதா மட்டும் போகவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். முதல் கூட்டம் வந்துவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வரவில்லை. ராதம்ஸ்டெட்டில் ஒரு மனிதர் இப்படித்தானே, ஒரு குடுவையில் நைட்ரைட் வந்து அப்படியே நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. அவருக்கு அப்பாவின் தங்கமீன் ஞாபகத்தில் இருந்திருக்குமா?

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இவ்வளவு செலவு பண்ணி, விளக்கெல்லாம் போட்டு, வெறும் தண்ணியையா வெச்சிருக்கீங்க? எதிர்வீட்டுப் பையனுக்கு மகள் பொறுமையாக விளக்கினாள். உள்ளே கோடிக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள், இப்போது வேலை கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவன் நம்பவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அப்போதும் நம்பவில்லை.

முப்பத்தாறாம் நாள் ஊதா வெளிற ஆரம்பித்தது. நாற்பதாம் நாள் இரண்டு கட்டமும் பூஜ்யம். நைட்ரேட் கட்டம் மட்டும் ஆரஞ்சு, நீமோ நிறம்.

“இப்ப மீன் வாங்கலாமாப்பா?”

எட்மண்டின் பங்குக்கு எந்தக் கடையிலும் கருவி விற்பதில்லை. ஒரு கேள்விதான் இருக்கிறது: இது எங்கே பிறந்தது? கடல்மீன் தொட்டிகளுக்கு வரும் மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் கடலில் பிடித்தவைதான். ஆனால் கோமாளி மீன் அப்படி இருக்க வேண்டியதில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டிலேயே அவற்றைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கிக் கற்றுக்கொடுத்திருக்கிறது. முதல் தடவை நான் வாங்கிய இரண்டும் எங்கே பிறந்தவை என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

இந்தத் தடவை ஒரு சின்னப் பண்ணைக்குப் போன் போட்டேன். “எங்ககிட்ட பொரிச்சதுதான் சார். ஆனா இப்ப இருக்கற பேட்ச் ரொம்பச் சின்னது. இன்னும் மூணு வாரம் ஆகும்” என்றார். வேறு இடத்தில் இன்றைக்கே கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் என் முகத்தைப் பார்த்தாள். காத்திருக்கிறோம் என்றேன்.

அவள் காலண்டரைக் கழற்றி, மூன்று வாரம் எண்ணி ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டுத் திரும்ப மாட்டினாள். தொட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம் வட்டம் தெரிகிறது. பவர்ஹெட் ஓடும்போது கொஞ்சம் ஆடுகிறது.